பாலர் கல்வியும் பல்லாங்குழியும்

சில நாட்களுக்கு முன் மாலை ஏழு மணி சுமாருக்கு நமது அண்டை வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. நோய்நொடியாக இருக்குமோ என்றஞ்சி எட்டிப் பார்த்தோம். நோயுமில்லை, அடியுமில்லை. நான்கு பிராயம் நிரம்பாத அச்சிறுமியின் முன் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்று முதல் நூறு வரை மும்முறை எழுதி வரும்படி பள்ளியிலிருந்து உத்தரவாம். குழந்தை நாற்பத்திரண்டு வரை வந்து, அதற்குமேல் கை வலிக்கிறதென்று பென்சிலைக் கீழே போட்டுவிட்டது. தாயார் அதை எடுத்துக் கையில் திணிக்கிறார். குழந்தை மறுபடி போடுகிறது. "இப்போதே பழகாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் திண்டாடிப் போவாள், ஸார்" என்று தகப்பனார் நம்மிடம் முறையிட்டார். தாய் தந்தையர் இருவரும் நல்லவர்கள். குழந்தையிடம் உயிரை வைத்திருப்பவர்கள். எனினும் அந்த வீட்டில் அன்று நடந்தது ஒரு சிறு கொடுமையே என்று சொல்லாமலிருக்க நம்மால் முடியவில்லை.

குழந்தை பிடிவாதத்தால் அழுகிறது என்றே பெரியோர் எண்ணுகின்றனர். ஆனால் "கை வலிக்கிறது" என்று அது சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மனிதனுடைய மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவற்றில் இரண்டு முதலாண்டிலேயே இறுகத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாக வருஷக்கணக்கில் இறுகி வரும். கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகும். விரல்களை அடக்கியாளும் சிறு தசைகளும் அவ்வாறே மெல்ல மெல்லப் பழகுகின்றன. அந்தக் கையைக் கொண்டு முந்நூறு எண்களை ஒரே மூச்சில் எழுதச் செய்வது, நடை பழகும் குழந்தையின் தலையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றுவது போன்றதாகும்.

சரி, கைதான் வலிக்கிறது, அறிவாவது வளர்கிறதா? அதையும் சோதித்துப் பார்த்தோம். அச்சிறுமி ஒன்று முதல் நூறு வரை ஒரு பிழையுமின்றி ஒப்பித்தாள். பிறகு, புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, "அம்மா, இதில் ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டோம். அவள் ஒரு கைப்பிடி அள்ளி நம்மிடம் நீட்டினாள். எண்ணிப் பார்த்ததில் பதினொன்று இருந்தன. எண்களின் பெயர்கள் அவளுக்குப் பாட்டைப் போல வரிசையாக வருகின்றன. ஏழு என்பது இத்தனை பொருள் என்பது இன்னும் வரவில்லை. இதில் அதிசயமில்லை. இந்த வயதில் இது இயல்பே. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே, 1941இல் குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி வெளியிட்ட நூலில், ஒரே அளவான பொருள்களை நெருக்கி வைத்தால் குறைவென்றும், பரப்பி வைத்தால் அதிகமென்றும் சிறு குழந்தைகள் கருதுவதை எடுத்துக் காட்டினார். ஆறேழு வயது சுமாருக்கே அம்மயக்கம் தெளிகிறதென்பது அவர் கண்டது. நோட்டுப் புத்தகத்தில் நூறு வரை எழுதுவதனால் அது ஒரு நாளும் தெளியாது. பொருளைத் தொட்டு, எடுத்து, வைத்து, இழந்து, மீட்டுத்தான் தெளிய வேண்டும்.

இதற்கான சாதனம் நமது வீடுகளிலேயே இருந்தது. இன்று அது பரண்மீது கிடக்கிறது. அல்லது வரவேற்பறையில் அலங்காரப் பொருளாகப் பளபளக்கிறது. பல்லாங்குழியைத்தான் சொல்கிறோம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து வீதம் வைத்தால் எழுபது விதைகள். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரவேண்டும். மூன்றரை வயதுக் குழந்தைக்கு இது ஒன்றே போதும்: குழிக்கொரு விதை, விதைக்கொரு சொல். எண்ணுவதென்றால் என்னவென்று அக்குழந்தையின் விரல்நுனிக்குத் தெரிந்துவிடுகிறது. வெற்றி தோல்வியெல்லாம் அப்போது வேண்டியதில்லை. ஐந்து வயதில், ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் "பசு" என்று கூவி எடுத்துக்கொள்ளும் விதியைச் சொல்லிக் கொடுக்கலாம். சில நாட்களில் எண்ணாமலே, கண்ணால் பார்த்த மாத்திரத்தில் நான்கை நான்கென்று அறியும் ஆற்றல் குழந்தைக்கு வந்துவிடும். ஏழெட்டு வயதிலோ, எந்தக் குழியை அள்ளினால் கடைசி விதை எங்கே விழும் என்று முன்கூட்டி மனத்துக்குள் கணக்கிடும். கூட்டல், கழித்தல், பகிர்தல் யாவும் ஒரு பலகையில் அடக்கம். குழந்தை இதைப் பாடமென்று அறியாது. "இன்னும் ஓர் ஆட்டம், பாட்டி" என்றுதான் கெஞ்சும். "இன்னும் ஒரு பக்கம் எழுதுகிறேன்" என்று கெஞ்சிய குழந்தையை நாம் இதுவரை கண்டதில்லை.

அஞ்சாங்கல் ஆட்டமும் அத்தகையதே. ஐந்து கற்களில் ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் மற்ற நான்கையும் எடுக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக நான்கு தடவை, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நான்கும் ஒருங்கே. நான்கு என்னும் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாமென்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க எந்த உபாத்தியாயரால் இயலும்? கூடவே கண்ணும் கையும் ஒத்துழைக்கப் பழகுகின்றன. பின்னாளில் பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய பழக்கமும் அதுவே. கல் எறிந்து பிடிக்க ஆறேழு வயதாவது ஆகவேண்டும். அதற்கு முன் கற்களை எண்ணிப் பிரித்து வைப்பதே ஆட்டம்.

எழுதுவது வேண்டாமென்று நாம் சொல்வதாக யாரும் கருதவேண்டாம். எழுத்து விரலால் தொடங்க வேண்டும். மணலில் தொடங்க வேண்டும். நமது திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்துக் கற்றனர். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தி வந்தபோது, இங்குள்ள பாலர் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். 1797இல் அதைப்பற்றி இங்கிலாந்தில் நூலும் வெளியிட்டார். அங்கே அதற்குச் "சென்னை முறை" என்றே பெயர் வழங்கிற்று. நம்மிடமிருந்து மணலைக் கற்றுக்கொண்டு போனவர்கள் போக, நாம் மட்டும் மணலைவிட்டு மூன்று வயதில் நோட்டுப் புத்தகத்துக்குத் தாவியிருக்கிறோம்! ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் ரவையையோ மணலையோ பரப்பிக் குழந்தையின் முன் வைத்தால் போதும். பிழையாக எழுதினால் சிவப்பு மையால் சுழிக்க வேண்டுவதில்லை. தட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் பிழை மறைந்துவிடுகிறது.

எழுதக் கற்பதற்குமுன் குழந்தை வரையக் கற்க வேண்டுமென்பது மகாத்மா காந்தியின் அபிப்பிராயம். தமது கையெழுத்து நன்றாக அமையாததைப் பற்றி வருந்துமிடத்தில் அவர் தமது சுயசரிதையில் இதைக் கூறியிருக்கிறார். வரைவதற்கு நம் நாட்டில் பஞ்சமா? வாசலில் தாயார் கோலமிடும்போது பக்கத்தில் இரண்டு சாண் இடத்தைக் குழந்தைக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். மூன்றுக்கு மூன்று புள்ளி. கோடு கோணலானால் என்ன? ஒரு புள்ளியும் விட்டுப்போகாமல், கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறதா என்று பார்ப்பதில் ஒரு கணிதமே இருக்கிறது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி முதலிய அறிஞர்கள் 1974இல் கோலங்களைக் கணினி இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்து வெளியிட்டனர். நமது பாட்டிமார் விடியற்காலையில் குனிந்து போட்டுவந்த அதே கோலங்கள்தாம்! கோலத்தைப் பெண்பிள்ளைக்கு மாத்திரம் உரியதென்று வைத்துக்கொள்வது அறியாமை. ஆண்பிள்ளையின் கைக்கும் அதே மணிக்கட்டுத்தான் அமைந்திருக்கிறது.

அடுக்களையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலையும் பச்சைப்பயறும் கலந்த ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே வராது. குளிக்கும்போது ஒரு சொம்பும் சிறிய டம்ளரும் இருந்தால், எத்தனை டம்ளர் ஒரு சொம்பு என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும். முற்காலத்தில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று வீட்டு அளவைகளே இரட்டிப்பு வாய்பாடாக இருந்தன. அந்தப் படிகள் கிடைத்தால் அவற்றையே கொடுக்கலாம். வெண்டைக்காயை நீளவாரியாக அடுக்குவதும், துவைத்த துணியில் ஜோடி ஜோடியாகக் காலுறை சேர்ப்பதும் குழந்தைக்கு வேலையல்ல, கௌரவம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பேச்சு. சமைக்கும்போதும், நடக்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் குழந்தையோடு பேச வேண்டும், கதை சொல்லிப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் அந்த நரி என்ன செய்திருக்கும்?" என்று கேட்க வேண்டும். இந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது. சோறூட்டுவதற்கும் அதுவே, தூங்கவைப்பதற்கும் அதுவே. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே ஆகாதென்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் கூறியிருக்கிறது. கைப்பேசியும் கதை சொல்லுகிறது, உண்மையே. ஆனால் நரி என்ன செய்திருக்குமென்று கேட்டுவிட்டுக் குழந்தையின் பதிலுக்காக அது காத்திருப்பதில்லை.

"இதற்கெல்லாம் காசும் பொழுதும் உள்ளவர்களுக்குத்தான் முடியும்" என்று சிலர் கூறலாம். காசைப் பற்றிய ஆட்சேபத்துக்கு நமது தேசத்தின் சரித்திரமே பதில் சொல்லும். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவர்க்குப் பயிற்சியளித்தார். அவருடைய முறை அருமையானது. அவருடைய உபகரணங்களோ விலையுயர்ந்தவை. அம்முறையைத் தழுவிய கிஜுபாய் பதேகா 1920இல் பாவநகரில் பாலமந்திரம் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்னும் தோழியாருடன் 1945இல் போர்டி கிராமத்துக்குச் சென்று, கல், இலை, விதை, கிளிஞ்சல் முதலியவற்றையே உபகரணங்களாகக் கொண்டு ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளிடம் பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனார்கள். முற்றம் என்னும் பொருளுடைய அச்சொல்லே பிற்காலத்தில் அங்கன்வாடி என்று 1975 முதல் தேசமெங்கும் பரவியது. ஆகவே புளியங்கொட்டைக்குக் காசு வேண்டுமென்று யாரும் சொல்ல இடமில்லை.

பொழுதைப் பற்றிய ஆட்சேபம் வேறு. அதை நாம் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. தாய் தந்தை இருவரும் உழைத்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் குடும்பங்கள் அநேகம். அவர்களைப் பார்த்துப் பல்லாங்குழி ஆடுங்கள் என்பது வயிறெரிந்தவன் முன் விருந்தைப் பற்றிப் பேசுவதாகும். ஆனால் அதே எட்டு மணிக்கு முந்நூறு எண்களை எழுதவைக்கும் சுமையும் அவர்கள் தலையிலேதான் விழுகிறது. அழுகையும் அதட்டலுமாக ஒரு மணி நேரம் போகிறது. அதில் கால்மணி ஆட்டத்துக்கும் கதைக்கும் கொடுத்து, மிகுதியை உறக்கத்துக்கு விட்டால் எல்லோருக்கும் லாபமே.

குற்றம் பெரும்பாலும் பள்ளிகளுடையது. நிறைந்த நோட்டுப் புத்தகம் கண்ணுக்குத் தெரியும். நிறைந்த மனம் தெரியாது. கொடுத்த சம்பளத்துக்குக் கணக்குக் காட்ட முன்னது சௌகரியம். இதற்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிற் சேர்ப்பதற்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதைத் தடை செய்கிறது. 2022இல் நமது ராஜ்ய சர்க்கார் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலேயே ஆட்டமும் பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கற்பிக்க ஏற்பாடாயிற்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆட்டம் தகுமென்றால் நான்கு வயதுக்கு நோட்டுப் புத்தகம் எப்படித் தகும்? பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து பள்ளித் தலைவரிடம் மரியாதையாக இக்கேள்வியைக் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் குழந்தையை வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஐவர் கேட்டால் யோசிப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் விதை, சோழி, கல் எதையும் தனியே விட்டுவிடலாகாது. வாயில் போட்டு மூச்சடைத்துப் போகும். மூக்கில் திணித்துக்கொள்வதும் உண்டு. அழகாயிருக்கிறதென்று குன்றிமணியைப் பல்லாங்குழிக்கு உபயோகிப்பது வழக்கம். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். கடித்து மென்றால் அது கொடிய நஞ்சு. புளியங்கொட்டையே போதும்.

அண்டை வீட்டுக்கு மறுநாள் மாலை சென்றபோது, பல்லாங்குழிப் பலகை கிடைக்கவில்லையே என்று அந்தத் தாயார் குறைபட்டுக்கொண்டார். கடையிலிருந்து முட்டை வாங்கிவந்த அட்டைத் தட்டு மூலையில் கிடந்தது. வரிசைக்கு ஆறு குழியாக இரண்டு வரிசைகளை வெட்டிக் கொடுத்தோம். ஏழுக்கு ஒன்று குறைகிறதே என்று தகப்பனார் யோசித்தார். சிறுமி அதைக் கவனிக்கவேயில்லை. குழிக்கு ஒன்றாகக் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு போனவள், பன்னிரண்டாவது குழிக்கு வந்ததும் கையைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு" என்றாள்.