காற்றைக் கட்டி வைக்கும் மக்ரூன்

திருநெல்வேலிக்கு அல்வா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, முதலூருக்கு மஸ்கோத் அல்வா என்று தென்மாவட்டத்துக்காரர்கள் ஊரையும் பண்டத்தையும் பிரிக்காமல் சொல்வார்கள். அந்த வரிசையில் தூத்துக்குடியின் பங்கு மக்ரூன். கட்டைவிரல் உயரம், வெளிர் மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம், அடியில் அகன்று மேலே கூராக முடியும் உருவம். பல்லில் பட்டதும் நொறுங்கும்; நாக்கில் கரைந்து, முந்திரியின் மணத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

மற்ற ஊர்ப் பண்டங்களுக்கு அந்தந்த மண்ணின் ஆதரவு உண்டு. கோவில்பட்டிக்குச் சுற்றுவட்டாரத்துக் கடலை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால். அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் காரணம் காட்டுவார்கள். மக்ரூனுக்கு அப்படி எதுவும் கிடையாது. சேர்மானம் மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. இவற்றில் ஒன்றுகூடத் தூத்துக்குடியின் விளைச்சல் என்று பெயர் வாங்கியது இல்லை. தமிழ்நாட்டின் முட்டைக்கு நாமக்கல் தலைநகரம். முந்திரிக்குக் கொல்லமும் பண்ருட்டியும். தூத்துக்குடி பேர்போனது உப்புக்கு. அது மக்ரூனில் சேர்வதே இல்லை.

அப்படியானால் இது எப்படித் தூத்துக்குடிப் பண்டம் ஆனது? பொருளால் அல்ல, கைப்பக்குவத்தால். வெள்ளைக்கருவில் காற்றை ஏற்றி நிறுத்துவது ஒன்று. ஏற்றிய காற்று இறங்காமல், நிறம் கருகாமல் உலர்த்தி எடுப்பது இன்னொன்று. இந்த இரண்டும் கைவந்தால் மக்ரூன். இரண்டில் ஒன்று தவறினால் சர்க்கரைக் கட்டி.

கப்பலில் வந்த பருப்பு

முத்துக் குளித்துறைக்குப் போர்ச்சுகீசியர் 1530களில் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825இல் ஊர் முழுமையாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரேசில் நாட்டு மரமான முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். அதனால் மக்ரூனையும் அவர்கள் கணக்கில் எழுதுவது ஊரில் வழக்கம்.

பண்டத்தையே சாட்சியாக வைத்துப் பார்த்தால் கதை சற்று மாறுகிறது. போர்ச்சுகலின் புகழ்பெற்ற இனிப்புகள் பெரும்பாலும் மஞ்சள் கருவில் செய்பவை. அந்த நாட்டுக் கன்னியர் மடங்களில் துணிக்கு மொடமொடப்பு ஏற்ற வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்கள், மீந்த மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு சேர்த்து இனிப்பாக்கினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. மக்ரூன் இதற்கு நேர்மாறு: வெள்ளைக்கரு உள்ளே, மஞ்சள் கரு வெளியே. வெள்ளைக்கருவும் சர்க்கரையும் பாதாம்பொடியும் சேர்த்துச் சுடும் இனிப்பு இத்தாலியிலும் பிரான்சிலும் பழகியது. அங்கிருந்து ஆங்கிலேயரின் சமையல் புத்தகங்களுக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஆக, பருப்பைப் போர்ச்சுகீசியர் கணக்கிலும் செய்முறையை ஆங்கிலேயர் காலத்துப் பேக்கரிகளின் கணக்கிலும் எழுதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பாதாமின் இடத்தில் முந்திரி வந்ததற்குத் துறைமுகம் இன்றும் சாட்சி. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையிலிருந்துதான். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் அவர் பெயரைச் சூடிக்கொண்ட துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் ஆப்பிரிக்காவின் ஓட்டு முந்திரியும் ஒன்று. ஆலைகளுக்குப் போய், ஓடு நீங்கிப் பருப்பாகிறது. அதில் ஒரு பங்கு பேக்கரிகளுக்கு வருகிறது. மக்ரூனுக்கு முழுப்பருப்பு வேண்டியதில்லை. எப்படியும் பொடிக்கத்தான் போகிறோம். உடைந்த பருப்பே போதும்.

வெள்ளைக்கரு ஏன் நுரைக்கிறது?

வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். மீதி 10 சதவீதத்தில் பெரும்பகுதி புரதம். தண்ணீரை மட்டும் அடித்தால் குமிழி எழும், உடனே உடையும். வெள்ளைக்கருவின் குமிழி உடையாமல் நிற்பதற்குக் காரணம் அந்தப் புரதங்கள். அவை சாதாரணமாக நூல்கண்டு போலத் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. அடிக்கும் வேகத்தில் சுருள் பிரிகிறது. பிரிந்த புரதத்தில் நீரை விரும்பும் பகுதியும் உண்டு, நீரிலிருந்து விலகும் பகுதியும் உண்டு. முதலாவது நீர்ப்பக்கமும் இரண்டாவது காற்றுப்பக்கமும் திரும்பிக் குமிழியின் சுவரில் வரிசைகட்டுகின்றன. பக்கத்துப் பக்கத்துப் புரதங்கள் கைகோத்துக்கொள்ள, ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் ஒரு மெல்லிய வலை உருவாகிறது. நன்றாக அடித்த வெள்ளைக்கரு தன் கொள்ளளவைப் போல எட்டு மடங்கு வரை பொங்கும்.

இந்த வலைக்குப் பெரிய எதிரி கொழுப்பு. ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், புரதம் நிற்க வேண்டிய இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும், நுரை எழாது. அதனால்தான் பேக்கரியில் முட்டைகளை ஒன்றாக உடைத்து ஊற்றுவதில்லை. ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் பிரித்து, சுத்தமாக இருப்பதைப் பார்த்துப் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பது பாதுகாப்பு. பிளாஸ்டிக் பாத்திரம் கழுவிய பிறகும் பிசுக்கை விடாது. எவர்சில்வரோ கண்ணாடியோ மேல்.

அளவுக்கு மீறி அடிப்பதும் கெடுதல். புரதங்கள் ஒன்றோடொன்று மிக இறுகி, நடுவில் இருந்த தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். நுரை திரித்திரியாகி, அடியில் நீர் தேங்கும். பிரெஞ்சு சமையல்காரர்கள் வெள்ளைக்கருவைச் செம்புப் பாத்திரத்தில் அடிப்பார்கள். அதன் காரணத்தை விளக்கும் ஆய்வைச் சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹரால்ட் மெக்கீ 1984இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். செம்பு வெள்ளைக்கருவின் புரதத்தோடு பிணைந்து, அது மிகையாக இறுகுவதைத் தடுக்கிறது. நம் வீட்டில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதே காவல் வேலை நடக்கும். அமிலத்துக்கும் அந்தக் குணம் உண்டு.

சர்க்கரைக்கு ஒரு நேரம், பருப்புக்கு ஒரு நேரம்

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை. அது நீரில் கரைந்து நீரைக் கெட்டியாக்குகிறது. கெட்டியான நீர் குமிழிச் சுவரிலிருந்து எளிதில் வழிந்து இறங்காது. ஆனால் அதே கெட்டித்தன்மை நுரை எழுவதையும் தாமதப்படுத்தும். எனவே முதலிலேயே மொத்தத்தையும் கொட்டக் கூடாது. நுரை பாதி எழுந்து வெண்மையானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே நுரையைத் தேய்த்துப் பார்த்தால் மணல் நெருடக் கூடாது. நெருடினால் சர்க்கரை கரையவில்லை. அந்த மணி பின்னால் அடுப்பில் பாகாகக் கசியும்.

முந்திரி கடைசியில் வருவதற்கும் காரணம் கொழுப்புதான். அதன் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கொழுப்பு. நன்றாக அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகும். விழுது நுரையைச் சாய்த்துவிடும். அதனால் பருப்பை ஈரமில்லாமல், விட்டுவிட்டு ஓட்டிப் பொடிக்க வேண்டும். கையில் எடுத்தால் உதிர வேண்டும். பொடியைத் தூவிய பிறகு அடிப்பது கிடையாது. கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டி, கலந்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

கலவையைக் காகிதக் கூம்பில் நிரப்பி, காகிதம் விரித்த தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிவார்கள். பிழிந்து கூம்பை மேலே இழுக்கும்போதுதான் மக்ரூனின் கூர்முனை பிறக்கிறது. அது அழகுக்காக வைத்தது அல்ல. நுரை தளர்ந்திருந்தால் முனை சரிந்து தட்டையாகிவிடும். ஆகவே நிமிர்ந்து நிற்கும் முனை, நுரை சரியாக ஏறியதற்கான அத்தாட்சி. வாங்குகிறவரும் இதைப் பார்த்தே வாங்கலாம்.

அடுப்பின் வேலை உலர்த்துவது

பாரிசின் மக்ரோன், மிக நைசான பாதாம்மாவில் வட்டமாகச் செய்து, நடுவில் கிரீம் வைத்து ஒட்டுவது. 150 டிகிரி செல்சியஸ் அளவில் கால்மணி நேரத்தில் வெந்துவிடும். உள்ளே ஈரம் இருக்க வேண்டும். தூத்துக்குடி மக்ரூனுக்கு உள்ளும் புறமும் ஈரம் கூடாது. அதற்குச் சூடு குறைவாகவும் நேரம் நீண்டதாகவும் வேண்டும். பழைய விறகு அடுப்பு இதற்கு ஏற்றது. ரொட்டி சுட்டு முடிந்த பிறகும் செங்கல் சூட்டை விடாது. மெல்ல மெல்லத் தணியும் அந்தச் சூட்டில் இரவெல்லாம் தட்டுகள் கிடந்தால் போதும்.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். சூட்டில் காற்றுக் குமிழிகள் சற்று விரிகின்றன. புரத வலை இறுகுகிறது. தண்ணீர் சிறுகச் சிறுக வெளியேற, கரைந்திருந்த சர்க்கரை சுவர்களில் திடமாகிறது. சூடு கூடினால் மேல்தோல் முதலில் காய்ந்து நீராவியின் வழியை அடைத்துவிடும். உள்ளிருக்கும் ஆவி வெடிப்பு விட்டு வெளியேறும். நிறமும் கெடும். வெள்ளைக்கரு இயல்பிலேயே காரத்தன்மை உடையது; காரத்தன்மை இருக்கும் இடத்தில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாவது விரைவு.

வீட்டு அடுப்பில்

ஓவன் இருந்தால் வீட்டில் செய்துபார்க்கலாம். எடைக்கணக்கில் வெள்ளைக்கரு ஒரு பங்கு, பொடித்த சர்க்கரை இரண்டு பங்கு, முந்திரிப்பொடி ஒரு பங்குக்குச் சற்று மேல். நான்கு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 120 கிராம் இருக்கும். அதற்கு 240 கிராம் சர்க்கரை, 140 கிராம் முந்திரி. முட்டையைக் குளிர்ச்சியாக இருக்கும்போது பிரிப்பது எளிது, அறைச்சூட்டுக்கு வந்தபின் அடிப்பது எளிது. கரண்டியைத் தூக்கினால் நுரையின் முனை நிமிர்ந்து நிற்கும் வரை அடித்து, பொடியைப் புரட்டிச் சேர்த்து, பட்டர் காகிதத்தில் பிழியுங்கள். 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் முழுக்க ஆறும் வரை விட்டுவிடுங்கள். காகிதத்திலிருந்து தானாகப் பெயர்ந்து வந்தால் பதம். அடி ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மறுபடி வைக்கலாம், ஒன்றும் கெடாது.

மழைநாளில் செய்ய வேண்டாம். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நன்றாக உலர்ந்த மக்ரூனும் திறந்து கிடந்தால் சில மணி நேரத்தில் பிசுபிசுக்கும். ஆறிய கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பது தவறு. வெளியே எடுத்ததும் மேலே நீர் பூக்கும். சரியாக உலர்ந்தது வெளியிலேயே நன்றாக இருக்கும். நுண்ணுயிர் வளரத் தேவையான நீர் அதில் இல்லை. தூத்துக்குடிக்காரர்கள் ஊருக்கு ஊர் மக்ரூன் பொட்டலம் கொண்டுபோக முடிவதும், பனிமய மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போக முடிவதும் அதனால்தான்.

கடையில் வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். முனை முதல் அடி வரை ஒரே சீரான சிறு துளைகள் இருந்தால் நுரை நன்றாக ஏறியிருக்கிறது. நடுவில் வெற்றிடம் இருந்தால் அடுப்பின் சூடு அவசரப்பட்டிருக்கிறது. நடு மட்டும் மிட்டாயாக இழுபட்டால் உலர்த்தும் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். அளவில் பெரியதாக இருந்தும் கையில் கனமே தெரியாவிட்டால் வாங்கலாம். நீங்கள் காசு கொடுப்பது முக்கால்வாசி காற்றுக்குத்தான், ஆனால் அந்தக் காற்றை நிறுத்தி வைக்கும் வேலைக்குத்தான் கூலி.

வீட்டில் செய்தவர்களுக்கு ஒரு கேள்வி மீதமிருக்கும்: மஞ்சள் கருவை என்ன செய்வது? பேக்கரிகள் அதைக் கேக்குக்குத் திருப்பிவிடலாம். வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஸ்டர்டு காய்ச்சலாம். போர்ச்சுகல் மடத்துக் கன்னியர்களிடம் கொடுத்திருந்தால் அதிலும் ஓர் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருப்பார்கள்.