ராத்திரி 11:40-க்கு ஒரு ஆடிட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?



முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பகல்ல நான் ஒரு ஆடிட்டர். அடுத்தவங்க கணக்குல 236 ரூபாய் இடிச்சாலும் அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ராத்திரி 11 மணிக்கு மேல நான் வேற ஆள். அந்த ஆளைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள். மறுநாள் வீட்டுக்கடன் இஎம்ஐ போகணும். அக்கவுண்ட்ல பணம் இருக்கான்னு பார்த்துடலாம்னு படுத்தபடியே போனை எடுத்தேன். மணி 11:40. பேங்க் ஆப்பைத் தொடுறதுக்குள்ள மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து விழுந்தது. அதைத் தள்ளிவிடப் போய், உள்ளே போயிட்டேன். ஒருத்தர் பத்தே செகண்ட்ல ஒரு முழுப் பூண்டை உரிக்கிறார். அடுத்து, 45 வயசுல ரிட்டயர் ஆவது எப்படின்னு ஒருத்தர் சொல்றார். அடுத்து, ஒரு நாய்க்குட்டி சோபாவிலிருந்து விழுது. அதை நாலு தடவை பார்த்தேன்.

நிமிர்ந்து பார்த்தா மணி 1:10. பூண்டு உரிக்கிற கருவி ஆர்டர் ஆகியிருந்தது. பேங்க் ஆப் மட்டும் திறக்கவே இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு பார்சல் வந்தது. பிரிச்சுப் பார்த்த என் மனைவி அமைதியாகக் கேட்டாங்க: "என்னங்க, போன தடவை வாங்கின பூண்டு மிஷின் ரிப்பேரா?"

போன தடவையும் வாங்கினேன் என்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பாவும் டிவி சத்தமும்

எங்க அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வயசு 68. கொஞ்ச நாளாகவே காது சரியாகக் கேட்கலை. டிவி சத்தம் தெருமுனை வரை போகும். நாம ஒண்ணு கேட்டா அவர் வேற ஒண்ணுக்குப் பதில் சொல்வார். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்றால், "யாத்திரையா? இந்த வெயில்லயா?" என்பார். எல்லோரும் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஆனா போகப் போக அவர் பேச்சைக் குறைச்சுக்கிட்டார். விருந்தாளி வந்தா எழுந்து உள்ளே போயிடுவார்.

டாக்டரிடம் காட்டினோம். ரெண்டு காதுக்கும் கருவி வைக்கணும், 38,000 ரூபாய் ஆகும்னு சொன்னாங்க. "அடுத்த மாசம் வாங்கிடலாம்பா, இந்த மாசம் கொஞ்சம் டைட்" என்றேன். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னேன். இப்படியே அஞ்சு மாசம் போச்சு. ஒரு தடவைகூட அவர் திரும்பக் கேட்கலை. அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கார்: "பையனுக்கு என்ன கஷ்டமோ, நச்சரிக்காதே."

நான் சொன்னது பொய் இல்லை நண்பர்களே. மாசக் கடைசியில் நிஜமாவே டைட்தான். ஏன் டைட்டுன்னு மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

எனக்கு நானே ஆடிட்

ரெண்டாவது பூண்டு மிஷின் வந்த வாரம், ஞாயித்துக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் பிரிண்ட் எடுத்தேன். இது நான் இல்லை, யாரோ ஒரு கிளையன்ட் என்று நினைச்சுக்கிட்டேன். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். மூணு மாசக் கணக்கு இதோ:

• ஆட்டோபே சந்தாக்கள், மொத்தம் ஏழு: ரூ.4,920. இதில் பயன்படுத்துவது ரெண்டு. மீதியில் ஒண்ணு மன அமைதிக்கான தியான ஆப். அதுக்கு மாசம் 299 ரூபாய் போறதைப் பார்த்ததும் இருந்த அமைதியும் போச்சு.

• ராத்திரி சாப்பாட்டு ஆர்டர்கள், 26: ரூ.7,850. இதில் டெலிவரி, பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி மட்டும் ரூ.1,870. வீட்டில் மாவு இருந்த ராத்திரிகளும் இதில் அடக்கம்.

• ராத்திரி பத்தரை மணிக்கு மேல வாங்கின பொருட்கள், 19: ரூ.14,260. படுத்துக்கிட்டே போன் பார்க்க ஒரு ஸ்டாண்ட். அப்படிப் பார்த்ததால் வந்த கழுத்து வலிக்கு ஒரு மசாஜர். சிக்கனம் பற்றிய புத்தகம் ஒண்ணு, இன்னும் கவர் பிரிக்கலை.

• கிரெடிட் கார்டு பில் தேதியை மறந்ததுக்கு அபராதம், வட்டி, அது ரெண்டுக்கும் 18% ஜிஎஸ்டி: ரூ.2,431. பணம் இருந்தது. கட்ட மறந்துட்டேன். கட்டணும்னு ஞாபகப்படுத்தின மெசேஜ் வந்தப்போ நான் நாய்க்குட்டி பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்.

மொத்தம் ரூ.29,461. நியாயமான செலவுன்னு ஒரு 5,300-ஐக் கழிச்சாலும் மீதி ரூ.24,161. மாசத்துக்குச் சுமார் எட்டாயிரம்.

இதை என் வீட்டுக்கடனோடு வச்சுப் பார்த்தேன். 32 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 27,770. அதில் முதல் மாசம் வட்டிக்கே 22,667 போச்சு, அசலில் கழிஞ்சது சுமார் 5,100. கடன் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியும் அசலுக்குப் போறது ஆறாயிரத்தைத் தொடலை. அதாவது, என் வீட்டுக்காக மாசாமாசம் நான் அடைக்கிற அசலைவிட, ராத்திரி கட்டைவிரலால் நான் விடுகிற காசு அதிகம்.

அடுத்த கணக்கைப் போட எனக்கு மனசே வரலை. ஆனாலும் போட்டேன். எட்டாயிரம் பெருக்கல் அஞ்சு மாசம், நாற்பதாயிரம். அப்பாவின் காதுக்கருவி 38,000.

அப்பா சர்வீஸில் இருந்தப்போ, டிப்போவில் கலெக்‌ஷன் கட்டும்போது பத்து ரூபாய் குறைஞ்சாலும் கைக்காசு போட்டுத்தான் கட்டுவார். டிக்கெட்டும் காசும் டேலி ஆகாமல் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அந்த மனுஷனோட பிள்ளை, அதுவும் ஆடிட்டர், மாசம் எட்டாயிரம் எங்கே போச்சுன்னு தெரியாம இருந்திருக்கேன்.

இது நம்ம தப்பு மட்டுமா?

முழுசா இல்லை. பணத்தை நினைச்சா ஒரு பயம் வருது. அந்தப் பயத்தை மறக்கப் போனை எடுக்கிறோம். போன் செலவு வைக்குது. அந்தச் செலவு பழைய பயத்தைப் பெரிசாக்குது. இந்த வட்டத்துக்குள்ளே நம்மை உட்கார வைக்க எதிர்ப்பக்கம் பெரிய ஏற்பாடே இருக்கு.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சேர ஒரே பட்டன் வச்சுட்டு விலக ஏழு பக்கம் அலைய விடுவது: இதையெல்லாம் டார்க் பேட்டர்ன் என்பார்கள். இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டு, கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறை வெளியிட்டிருக்கு. நீங்க இதில் மாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பண்ணலாம்.

ஆட்டோபே-யிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் தடவை அனுமதி கொடுத்துட்டா, சாதாரணச் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனா பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் சொல்லணும். எனக்கும் ஒழுங்கா வந்திருக்கு. படிக்காத 1,100 எஸ்எம்எஸ்-களுக்கு நடுவுல தூங்கிக்கிட்டு இருந்தது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். நம்ம சேனல் வீடியோக்களை அதிகம் பேர் பார்க்கிற நேரம் ராத்திரி 10-லிருந்து 12. அதனால நானும் முழுசா நல்லவன் இல்லை!

நான் செய்த அஞ்சு விஷயங்கள்

1. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்த்தேன். ஏழில் அஞ்சை ரத்து பண்ணினேன். பத்து நிமிஷ வேலை. கிரெடிட் கார்டில் கொடுத்த அனுமதிகள் தனியாக இருக்கும், அதையும் பாருங்க.

2. ஷாப்பிங் ஆப்களில் சேமிச்சு வச்சிருந்த கார்டு விவரங்களை நீக்கினேன். கார்டு எடுக்க எழுந்து ஹாலுக்குப் போகணும்னாலே பாதி ஆசை போயிடுது.

3. ராத்திரி கூடையில் போடலாம், வாங்கக் கூடாது. மறுநாள் காபி குடிச்சிட்டுத்தான் முடிவு. காலையில் பார்த்தா, 'இதை யார் போட்டது?' என்றுதான் தோணும்.

4. சம்பளம் வந்த மறுநாளே எட்டாயிரம் ரூபாய் இன்னொரு அக்கவுண்ட்டுக்குத் தானாகப் போற மாதிரி வச்சேன். அந்த அக்கவுண்ட்டில் யுபிஐ இல்லை, கார்டும் இல்லை. கிரெடிட் கார்டு பில்லும் இப்போ முழுத்தொகையாகத் தானாகக் கட்டிடும். ஆட்டோபே-க்கு ஒரு நல்ல வேலை கொடுத்தாச்சு.

5. போனுக்கு இனி ஹாலில்தான் படுக்கை. அலாரத்துக்கு 250 ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்கினேன். இதுவும் செலவுதான், ஆனா இதைப் பகல்ல வாங்கினேன்.

காதுக்கருவிக்கு இன்னும் அஞ்சு மாசம் காத்திருக்கலை. ஒரு சின்ன ஆர்டி-யை உடைச்சு அந்த வாரமே வாங்கிட்டேன். மாசம் எட்டாயிரத்தை வச்சு அதைத் திரும்ப நிரப்பிக்கிட்டு இருக்கேன். கருவியை மாட்டின அன்னைக்கு அப்பா முதலில் கேட்டது ஃபேன் சத்தத்தை. "இது எப்பவும் இப்படித்தான் கத்துமா?" என்றார். அப்புறம் டிவி சத்தத்தை அவரே குறைச்சார்.

போன வாரம், அஞ்சாவது விதியை மீறி, ஒரு நாள் போனோடு படுத்தேன். சத்தத்தை ரொம்பக் குறைச்சுத்தான் வச்சிருந்தேன். மணி 12. பக்கத்து ரூமிலிருந்து குரல் வந்தது:

"டேய், என்னடா அங்க நாய்க்குட்டி சத்தம்? தூங்கலையா?"

38,000 ரூபாய் கொடுத்து எனக்கு ஒரு இன்டர்னல் ஆடிட்டரை நானே நியமிச்சுக்கிட்டேன் நண்பர்களே. கருவி ரொம்பத் துல்லியம்!

இதை ராத்திரி படிக்கிறீங்கன்னா, போனைக் கீழே வையுங்க. காலையில் உங்க ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம், முடிஞ்சா பகல்ல!