பெரியபாளையம் பூ, கும்மிடிப்பூண்டி பூங்கொத்து: நடுவில் கோயம்பேடு எதற்கு?

மார்ச் 4-ம் தேதி தேசிய பாதுகாப்பு தினம். 1966-ல் இதே நாளில் தேசிய பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டதை ஒட்டி, நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் இந்த வாரம் கொண்டாடப்படுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் மேடை போடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். வந்த விருந்தினருக்கும் பரிசு பெறும் தொழிலாளிக்கும் ஆளுக்கொரு பூங்கொத்து கொடுப்பார்கள்.

அந்தப் பூங்கொத்து பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் வருகிறது. ஓசூரில் வெட்டிய ரோஜாவும் மலைப்பகுதியில் விளைந்த கார்னேஷனும் சென்னைக்கு வந்து, அங்கே கட்டப்பட்டு, வேனில் ஏறி வடக்கே வருகின்றன. அதே நாள் விடியுமுன் பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த மல்லியும் சம்பங்கியும் மூட்டையாகித் தெற்கே கோயம்பேட்டுக்குப் போகின்றன. இரண்டு வண்டிகளும் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலைப் பக்கம் எதிரெதிராகக் கடக்கின்றன. ஒன்றில் போகும் பூவுக்குக் கிலோ கணக்கில் விலை. மற்றதில் வரும் பூவுக்குத் தண்டு கணக்கில் விலை. இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு திருவள்ளூர் மாவட்டத்துச் சிறு விவசாயிக்குக் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் எல்லாப் பூவிலும் கிடைக்காது, எல்லா நாளும் கிடைக்காது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்கினால் நஷ்டம் இல்லை.

யார் வாங்குகிறார்கள், எப்போது?

உதிரிப்பூவுக்குக் கோயில், வீடு, கல்யாணம் என்று மூன்று வாசல். பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறு, திருத்தணியில் ஆடிக் கிருத்திகைப் பூக்காவடி என்று ஆடி மாதத்திலும் உதிரிப்பூ ஓடும். பூங்கொத்தின் காலண்டர் வேறு. ஜனவரி 1, குடியரசு தினம், பிப்ரவரி 14, பாதுகாப்பு வாரம், மார்ச் 8 மகளிர் தினம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், ஆயுத பூஜை ஆகியவை பெரிய நாட்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த ஆலைகளில் செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜையும் சேரும். இவை தவிர பணி ஓய்வு, புது இயந்திரம் தொடக்கம், கல்லூரி விழா, பிறந்தநாள், திருமண வரவேற்பு என்று தேதி தெரியாத ஆர்டர்களும் வரும். மலர்வளையம் கேட்டு வரும் அவசர ஆர்டரும் உண்டு. இறப்பு வீட்டு ஆர்டரில் நேரத்துக்குப் போய்ச் சேருவதுதான் மரியாதை. அங்கே பேரம் பேசக் கூடாது.

இன்று பலர் கைப்பேசியிலேயே ஆர்டர் போடுகிறார்கள். இணையத்தில் ஆர்டர் எடுக்கும் எல்லா நிறுவனத்துக்கும் ஒவ்வோர் ஊரிலும் கடை இருப்பதில்லை. பணத்தை வாங்கி, தன் பங்கைக் கழித்துக்கொண்டு, உள்ளூர்க் கடைக்காரரிடம் வேலையை ஒப்படைப்பது இதில் பழக்கமான முறை. 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து தந்தி மூலம் ஆர்டரை ஊருக்கு ஊர் மாற்றிவிடத் தொடங்கினார்கள். அதே முறைதான் இது, தந்திக்குப் பதில் செல்போன். கும்மிடிப்பூண்டியில் பூவும் கட்டத் தெரிந்த கையும் இருந்தால், அந்த உள்ளூர்ப் பங்கை ஒரு மகளிர் குழுவே எடுத்துச் செய்யலாம்.

எந்தப் பூ நமக்கு ஒத்துவரும்?

ஜெர்பரா, கார்னேஷன் இரண்டையும் முதலில் தள்ளிவைக்க வேண்டும். ஜெர்பராவுக்குப் பகலில் 22 முதல் 25 டிகிரி வெப்பமும் குளிர்ந்த இரவும் வேண்டும். ஓசூர், நீலகிரி, ஏற்காடு போன்ற இடங்களுக்கு அவை சரி. திருவள்ளூரின் மே மாத வெயிலில் பசுமைக்குடிலுக்குள் வெப்பம் இன்னும் ஏறும். மானியம் கிடைக்கிறதே என்று குடில் போட்டு, பிறகு கடன் கட்டத் திணறுவதைவிட, அந்தப் பூக்களைத் தேவையான அளவு விலைக்கு வாங்கிக்கொள்வது மேல்.

நம் மண்ணுக்கு முதல் தேர்வு சம்பங்கி. காரணம் எளியது. தண்டாக வெட்டினால் பூங்கொத்துக்கு ஆகும். ஆர்டர் இல்லாத நாளில் உதிர்த்தால் மாலைக்கு ஆகும். இரண்டு சந்தைக்கும் போகும் பூ வேறு அதிகம் இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ரகம் நீண்ட தண்டும் நல்ல உதிரிப்பூ மகசூலும் தருவது. அதே நிறுவனத்தின் சிருங்கார் ரகம் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும்.

அடுத்தது கோழிக்கொண்டை. வெயிலைத் தாங்கும், செலவு குறைவு, வெட்டிய பிறகும் உருவம் குலையாது, காய்ந்தாலும் அழகு. மூன்றாவது கேந்தி. தாமரைக்குளம் குத்தகைக்கு எடுத்தவர் அருகில் இருந்தால் மொட்டாக வாங்கி வெளி இதழ்களை மடித்து வைக்கலாம்.

பச்சை இலையை மறந்துவிடக் கூடாது. ஒரு பூங்கொத்தில் பாதி இடத்தை அடைப்பது இலைதான். வேலியோர நிழலில் டிரசீனா, அரிக்கா பனை, ஆஸ்பராகஸ் வளர்க்கலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் சவுக்குத் தழையும் இடையில் சொருக நன்றாக இருக்கும்.

10 சென்ட் சம்பங்கி: ஒரு கணக்கு

வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 45,000 கிழங்கு, 10 சென்டுக்கு 4,500 கிழங்கு. கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்க வேண்டும். தொழுவுரம் 10 சென்டுக்கு 1 டன். ஜூன், ஜூலையில் நட்டால் மூன்று மாதத்தில் பூக்கும், அதாவது ஆயுத பூஜையை ஒட்டி முதல் பூ. ஒரு முறை நட்டுக் கட்டைப் பயிருடன் சேர்த்து 3 ஆண்டு வைக்கலாம்.

ஒரு கிழங்குக்கு ஒரு தண்டு என்று குறைத்தே போட்டாலும், அடுத்த 9 மாதங்களில் 4,500 தண்டு. நாள் சராசரி 16 தண்டு. ஒரு பூங்கொத்துக்கு 8 தண்டு என்றால் நாளைக்கு இரண்டு பூங்கொத்து. ஆனால் ஆர்டர் அப்படிச் சராசரியாக வராது. பத்து நாள் ஒன்றும் இருக்காது, பதினோராம் நாள் 40 கேட்பார்கள். 40 பூங்கொத்துக்கு 320 தண்டு வேண்டும். ஒரே தோட்டத்தில் அது கிடைக்காது. எனவே இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, தலைக்கு 10 சென்ட் சம்பங்கியும் ஆளுக்கொரு துணைப் பூவும் வைத்தால்தான் பெரிய நாளைச் சமாளிக்கலாம். அன்றும் குறைவதற்கு ஓசூர் ரோஜாவைச் சேர்த்துக்கொள்ள, கோயம்பேட்டில் ஒரு வியாபாரியோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

ஆர்டர் இல்லாத பத்து நாளும் பூ உதிரியாகப் போக வேண்டும். உதிரிப்பூ சோறு, பூங்கொத்து கூட்டு. கூட்டை நம்பிச் சோற்றை விட்டுவிடக் கூடாது. மல்லி வைத்திருப்பவர்கள் மல்லியை அழித்துவிட்டுச் சம்பங்கி போட வேண்டாம். நவம்பர் கடைசியில் வழக்கம்போல் கவாத்து செய்து மல்லியைக் காப்பாற்றிக்கொண்டு, ஓரத்தில் 10 சென்டில் தொடங்கினால் போதும்.

வடிகால் கட்டாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த மாவட்டத்தில் வயல்கள் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சம்பங்கிக் கிழங்கு தேங்கிய நீரில் அழுகிவிடும். மேட்டு நிலமும் பாரும் இல்லாமல் நடக் கூடாது.

வெட்டுவது முதல் கொடுப்பது வரை

உதிரிப்பூ சில மணி நேரம் வாடாமல் இருந்தால் போதும். பூங்கொத்து வாங்கியவர் வீட்டில் சில நாளாவது நிற்க வேண்டும். இந்த வேலையில் பெயர் கிடைப்பதும் கெடுவதும் இங்கேதான்.

• விடியற்காலையில் அல்லது மாலையில் வெட்ட வேண்டும். சம்பங்கியில் அடியிலுள்ள இரண்டு, மூன்று பூ விரிந்ததும் தண்டை வெட்டலாம். கோழிக்கொண்டையும் கேந்தியும் முழுதாக விரிந்த பிறகு. தாமரை மொட்டாக.

• வயலுக்குப் போகும்போதே வாளியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வெட்டிய தண்டு உடனே தண்ணீரில் நிற்க வேண்டும். தரையில் போட்டுவைத்தால் தண்டுக்குள் காற்று புகுந்து நீர் ஏறுவது தடைபடும்.

• முதல் நாளே பிளீச்சிங் பவுடர் கரைசலில் வாளியைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி வைக்க வேண்டும். அழுக்கு வாளியில் பாக்டீரியா பெருகித் தண்டின் துளைகளை அடைத்துவிடும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

• தண்டின் அடி மூன்றில் ஒரு பங்கு இலையை உருவிவிட வேண்டும். தண்ணீரில் மூழ்கும் இலை அழுகும். கேந்தி இலை மிக விரைவில் நாறும்.

• பழுத்த மாம்பழம், வாழைப்பழம் இருக்கும் அறையிலோ வண்டியிலோ பூவை வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கிவிடும்.

• மருத்துவமனைக்குப் போகும் கொத்தில் சம்பங்கி வேண்டாம். வாசனை நோயாளிக்குத் தொல்லையாகலாம். கோழிக்கொண்டையும் இலையும் போதும்.

• பூங்கொத்தைக் கையில் வாங்கும் குழந்தை முகத்தோடு வைத்து முகரும். மருந்து தெளித்த பயிரில், அந்த மருந்துக்குச் சொன்ன காத்திருப்பு நாள் முடியாமல் வெட்டக் கூடாது.

கட்டுவதற்குப் பச்சை நிற ஃபோம் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது மட்காத பொருள். மேடை அலங்காரத்துக்கு நம் ஊர்க்காரர்கள் காலகாலமாக வாழை மட்டையில்தான் பூவைக் குத்துகிறார்கள். ஈரமும் இருக்கும், செலவும் இல்லை. பளபளக்கும் பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாகப் பழவேற்காட்டில் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளில் வைத்துக் கொடுத்தால் அதுவே தனி அடையாளமாகிவிடும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசு, அரசு விழாக்களில் மாலை, பூங்கொத்து வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. அங்குள்ள மலர் விவசாயிகள் எதிர்த்தார்கள். பூங்கொத்து வீண் செலவு, குப்பை என்ற பேச்சு இங்கும் உண்டு. பக்கத்து ஊர் விவசாயி விளைவித்தது, பிளாஸ்டிக் இல்லாதது, மாடு தின்றாலும் மண்ணில் விழுந்தாலும் கேடில்லை என்று சொல்ல முடிந்தால், அந்தப் பேச்சுக்கு அதுவே பதில்.

ஆலைக்குக் கொண்டுபோகும்போது வாசல் எண், வாங்குபவர் பெயர், கைப்பேசி எண் மூன்றையும் முன்பே எழுதி வாங்க வேண்டும். பாஸ் இல்லாமல் வண்டி உள்ளே போகாது. ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலில் நெரிசல் இருக்கும். 10 மணி விழாவுக்கு 9 மணிக்கே பூ உள்ளே இருக்க வேண்டும். பாதித் தொகையாவது முன்பணம் வாங்காமல் பெரிய ஆர்டருக்குப் பூ வெட்டக் கூடாது.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, ஒரே சந்தையை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. பக்கத்திலேயே சிறிதாக இன்னொரு வாசல் திறந்து வைத்துக்கொள்வது, லாபத்துக்கு மட்டுமல்ல, காப்புக்கும்தான்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*எங்கள் நிலம் கடலோரம், கிணற்று நீர் சற்று உப்பு. சம்பங்கி வருமா?*

மண், நீர் இரண்டையும் பரிசோதிக்காமல் கிழங்கு வாங்க வேண்டாம். வடிகால் உள்ள மணல் கலந்த செம்மண்ணும் 6.5 முதல் 7.5 வரை கார அமில நிலையும் சம்பங்கிக்கு ஏற்றவை. திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம். முடிவு சாதகமாக இல்லையென்றால், பூவை விட்டு, சவுக்குத் தழை, ஓலைக்கூடை இரண்டையும் குழுவுக்குக் கொடுக்கும் பங்காளியாகச் சேரலாம்.

*கம்பெனிக்குக் கொடுத்தால் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறதே?*

உத்யம் தளத்தில் குழுவை குறு நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள். பதிவு இலவசம். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்குபவர், ஒப்பந்தத்தில் எது எழுதியிருந்தாலும் 45 நாளுக்குமேல் தள்ளக் கூடாது என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே நீங்களே விளைவித்து, நீங்களே கட்டுகிறீர்கள் என்பதைப் பதிவிலும் பில்லிலும் காட்டுங்கள்.

*கட்டக் கற்றுக்கொள்ள எங்கே போவது?*

மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் குழுவாகப் போய்ப் பயிற்சி கேளுங்கள். நடவு மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் இந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை கட்டத் தெரிந்த கைக்குப் பூங்கொத்து கட்ட வருவது கடினமில்லை. முதல் பத்துக் கொத்தை உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் தினத்துக்குக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். எது வாடியது, எது நின்றது என்று மூன்றாம் நாள் போய்க் கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போகலாம்.