பிழைத்து வந்தவரிடம் என்ன கேட்பது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேசுவோம். கொள்ளைநோயில் பிழைத்தவர்களிடம் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை என்றீர்களே, எபோலாவை வைத்துச் சொல்கிறேன்.

2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்டவர்களை அது பிடித்தது. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர் பட்ட பாட்டைப் பாருங்கள். முகமே தெரியாத கவச உடைக்காரர்கள் வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். கூடவே படுத்திருந்த அம்மா இறந்தால் கடைசியாகத் தொட்டு அழவும் முடியாது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் சில மாதங்கள் உடல்களை எரிக்கச் சொல்லி அரசு உத்தரவு; எரிக்கும் வழக்கமே இல்லாத ஜனம், போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லை. குணமானவரைக் குளோரின் தண்ணீரில் குளிக்கவைத்து, மாற்றுத் துணியும் நோயில்லை என்ற சான்றிதழும் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் பாய் படுக்கையெல்லாம் எரித்தாகியிருக்கும். அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போவார்கள்.

இத்தனையிலும் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அவரை யாரும் கேட்கவில்லை. தொற்றைத் தடுக்க அவ்வளவு கெடுபிடி தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே தன் கையை மீறி நடந்ததுதான் மனசில் காயமாக நிற்கிறது.

அதனால் விவரம் தெரிந்த பணியாளர் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டார். பழைய பீதி கிளம்பிவிடும், தெருவும் வேடிக்கை பார்க்கும். உள்ளே உட்காரலாமா, வெளியே மரத்தடியிலா என்று அவரையே கேட்பார். குறிப்பு எழுதுமுன் அனுமதி வாங்குவார். இன்று பேசப் பிடிக்கவில்லை என்றால் சரி, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லி, வியாழக்கிழமையே போய் நிற்பார். சின்ன விஷயம்தான், சொன்ன சொல் தவறினால் அந்த வீட்டுக்கதவு பிறகு திறக்காது.

உடம்பையும் விடக்கூடாது. எபோலா போன பிறகும் பலருக்கு மூட்டுவலி இருந்தது. கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை மங்கியது. அதை மனக்கவலை என்று ஒதுக்கினால் பார்வையே போகலாம். கண் மருத்துவரிடம் கூடவே போவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

2018-இல் காங்கோவின் கிழக்குப் பகுதியில் எபோலா பரவியபோது, பிழைத்தவர்களுக்கு எதிர்ப்புச்சக்தி இருந்ததால், சிகிச்சையில் கிடந்த தாய்மாரின் குழந்தைகளை அவர்கள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் விலக்கிய அதே கைகள்! மனசு ஆற, எந்த ஆலோசனை வகுப்பையும்விட இப்படி ஒரு பொறுப்புக் கிடைப்பதைத்தான் நான் மேலாகச் சொல்வேன்.

சமூகப் பணி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாளே கேள்வித்தாளை நீட்டி, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லாதீர்கள்.