மறைநிலைச் சாளரமும் அடையாள அட்டை எண்ணும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டியுள்ள பாலோ போன்ற சிற்றூரில் வாழ்பவரும், கைத்தொலைபேசியில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்த கணமே விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறார். ஒரு தளம் உலாவியில் பதித்துவைக்கும் ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு, வந்தவரை அத்தளம் மறுமுறை இனங்காண்பதற்காக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பின்னர் அதுவே ஒருவரைத் தளத்துக்குத் தளம் தொடர்வதற்கான கருவியாயிற்று.

இதற்கு எதிராகப் பரிந்துரைக்கப்படும் காப்புகளின் எல்லை குறுகியது. மறைநிலைச் சாளரம் பார்த்தவற்றின் பட்டியலைக் கைத்தொலைபேசியில் சேமிக்காதே தவிர, இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து அதை மறைப்பதில்லை. இணையப் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்து வேறொரு கணினி வழியே அனுப்பும் ‘விபிஎன்’ அந்நிறுவனத்தின் பார்வையை மறைத்தாலும், அதே பார்வையை விபிஎன் நடத்துபவரிடம் ஒப்படைக்கிறது. தம் பெயரில் முகநூலுக்குள் நுழைந்தவரை முகநூலிடமிருந்து எந்த விபிஎன்னாலும் மறைக்க இயலாது.

இக்காப்புகள் அறவே எட்டாத இடம் ஒன்று உண்டென்பதை 2017 அக்டோபரில் வெளிவந்த கசிவு காட்டியது. ஏறத்தாழ 3.2 கோடி மக்கள் வாழ்ந்த மலேசியாவில் 4.62 கோடி கைத்தொலைபேசி எண்களின் பதிவுகள், உரியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றோடு விற்பனைக்கு வந்தன. முன்கட்டண சிம் அட்டைக்கும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவதே நடைமுறை என்பதால், குக்கியை அன்றாடம் அழித்தவரும் அழிக்காதவரும் இதில் ஒன்றாகவே அகப்பட்டனர். கடவுச்சொல்லை மாற்றுவதைப் போல அடையாள அட்டை எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது. அதன் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் (ஜொகூருக்கு 01), கடைசி இலக்கம் பாலினத்தையும் சொல்லிவிடும். கசிவுக்குப் பிறகு எண்ணுக்கு உரியவர் செய்யத்தக்கவை மிகச் சிலவே.

ஆகவே தனிமனிதரின் விழிப்பைவிடத் தரவை வைத்திருப்போரின் பொறுப்பே முதன்மையானது. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவை அறிவிக்கும் கடமையைத் தொடக்கத்தில் விதிக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் திருத்தத்தால் அக்கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆயினும் கூட்டரசும் மாநில அரசுகளும் இன்றும் இச்சட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றன.