பள்ளி வளாகத்தில் ஓர் உயிர்ச்சோலை

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் மறுபுறம் மேகமலை. 2021-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அதுவும் அடங்கும். ஆகவே வனவுயிர் என்றதும் நம் நினைவு மலைக்கே செல்கிறது. ஆனால், இரு மலைகளுக்கும் இடையே வயலும் தோப்பும் ஊருமாக உள்ள நிலத்தில் வாழும் சிட்டுக்குருவிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் காப்பகம் எது? ஊர்தோறும் உள்ள பள்ளி வளாகமே அதுவாகலாம்.

இது வெறுங்கனவன்று. 2001-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய பசுமைப்படை, பள்ளிகளில் மாணவர் மன்றங்களை உருவாக்கியது. சென்னையில் 'கூடுகள்' என்னும் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிட்டுக்குருவிகளுக்கான மரக்கூடு செய்யக் கற்றுத்தருகிறது. நான்கு ஆண்டுகளில் 10,000 கூடுகள் உருவானதைப் பிரதமர் 2024 நவம்பரில் தம் வானொலி உரையில் பாராட்டினார்.

ஓட்டு வீட்டின் இடுக்குகள் குருவிக்கு இடம் தந்தன. கான்கிரீட் வீடு தருவதில்லை. அக்குறையை மரக்கூடு தீர்க்கிறது. வாசல் துளை சுமார் 3½ சென்டிமீட்டர் இருந்தால் குருவி நுழையும், மைனா நுழையாது. பூனைக்கு எட்டாத உயரத்தில், வெயில் நேரே படாத சுவரில் மாட்டவேண்டும். ஆயினும் கூடு மட்டும் போதாது. தாய்க்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகிறது. பூச்சி வேண்டுமானால் செடி வேண்டும். அதில் மருந்து தெளிக்காமலும் இருக்கவேண்டும்.

எந்தச் செடி? இங்கேதான் நாம் தவறுகிறோம். அழகுக்கு வைக்கும் அயல்நாட்டுச் செடிகள் பலவற்றை நம் புழுக்கள் தின்பதில்லை. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கஞ்செடியில் முட்டையிடும். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழு பின்னாளில் அழகிய வண்ணத்துப்பூச்சியாகும். எனவே மதிலோரம் ஒரு மூலையையாவது எருக்கும் தும்பையும் வளர விட்டுவிடலாம். உதிர்ந்த சருகையும் கொளுத்தாமல் அங்கே குவித்தால் மண்புழுவும் வண்டும் பெருகும்.

மரங்களில் ஆலும் அத்தியும் முதன்மையானவை. அவற்றின் பழம் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் விருந்து. போடி வட்டாரத்தில் பஞ்சுக்கு வளர்க்கும் இலவமரம் இரவில் பூக்கிறது. தேனுண்ண வரும் பழந்தின்னி வௌவால் அதன் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. நாம் அருவருக்கும் வௌவாலுக்கு நம் தலையணையும் கடன்பட்டிருக்கிறது!

ஆழமற்ற மண்தட்டில் நீரும் இரண்டு கூழாங்கற்களும் வைத்தால் சிறு பறவைகள் அஞ்சாமல் குடிக்கும். கொசுமுட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமாகும். ஆதலால் நாள்தோறும் நீரை மாற்றினால் கொசு பெருகாது.

மரக்கன்று நட நம் பகுதிக்கு ஏற்றது ஐப்பசி மழைக்காலம். நடுவது எளிது, அதற்கு விழாவும் உண்டு, புகைப்படமும் உண்டு. சோதனை வருவது சித்திரையில்தான். தேர்வு முடிந்து பள்ளிக்கதவு மூடியபின் கன்று வாடுகிறது, தண்ணீர்த்தட்டு காய்கிறது. பழகிய பறவை வந்து பார்த்துத் திரும்புகிறது. மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று! இக்குறையை நீக்கப் பணமோ பெருந்திட்டமோ தேவையில்லை. விடுமுறைக்கு ஒரு முறைப்பட்டியல் போதும். அதில் பள்ளிப் பிள்ளைகளுடன், கோடையில் ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்களாகிய நாமும் பெயர் எழுதிக்கொள்ளலாம்; நாம் படித்த பள்ளியன்றோ!

பறவையியல் மேதை சாலிம் அலி, சிறுவயதில் கையில் கிடைத்த ஒரு குருவியின் கழுத்திலிருந்த மஞ்சள் திட்டைக் கண்டு வியந்து, அதன் பெயர் கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கேள்வியே அவர் வாழ்வாயிற்று. நம் ஊர்ப் பள்ளியின் மூலையிலும் ஒரு பிள்ளை அப்படிக் கேட்கக்கூடும். கேட்பதற்கு அங்கே ஒரு குருவி இருக்கவேண்டும், அவ்வளவே.