மான் கண்ணுக்கு எந்தச் சட்டை?

தேசிய சேவை முடித்த அண்ணன் இருக்கும் வீட்டில் ஒரு ‘நம்பர் ஃபோர்’ சீருடை கட்டாயம் இருக்கும். 2008ல் ராணுவத்துக்கு அறிமுகமான அந்தச் சதுரப் புள்ளி வடிவம் மனிதக் கண்ணை ஏமாற்ற உருவானது. மண்டாய்ப் பக்கம் கடமான் பார்க்கப் போகும் என் நண்பர்களும் அதே போன்ற உருமறைப்பு உடையைத்தான் பீச் ரோடு ராணுவச் சந்தையில் தேடுகிறார்கள். மானுக்கு அந்தப் புள்ளிகள் ஒரு பொருட்டா?

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் பரண் அமைத்துக் காத்திருப்பார்கள். அவர்களுக்கென்றே உருமறைப்பு உடை பெரிய வியாபாரமாக நடக்கிறது. இங்கே வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. நம் கையில் கேமராதான். ஆனாலும் மான் கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றே.

நம் கண்ணில் நிறம் காண மூன்று வகைக் கூம்பு அணுக்கள் உண்டு. மானுக்கு இரண்டே வகை. சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைப் பச்சையிலிருந்து அதனால் பிரித்தறிவது கடினம். புலி ஆரஞ்சு நிறத்தில் இருந்தும் பிழைப்பு நடத்துவது இதனால்தான்! அமெரிக்காவில் பல மாநிலங்கள் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் ஒளிரும் ஆரஞ்சு அங்கியைக் கட்டாயமாக்கியுள்ளன. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும், மானுக்கோ அது அவ்வளவாக உறுத்தாது.

நீலம் வேறு கதை. அமெரிக்க வெண்வால் மான்களை ஆராய்ந்தவர்கள், நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியும் அவற்றின் கண்ணுக்குள் புகுவதைக் கண்டார்கள். துணியைப் பளிச்சிட வைக்கும் சலவைத்தூள்களில் உள்ள வெளிர்ப்பி, புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். ஆக, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உருமறைப்பு உடையும் தவறான தூளில் துவைத்தால் மானுக்கு மின்னக்கூடும். வெளிர்ப்பி இல்லாத தூளில் என் சட்டையைத் தனியாகத் துவைக்கிறேன். “மானுக்கு ஒரு வாளி, மனுஷனுக்கு ஒரு வாளியா?” என்று அம்மா கேட்டார்.

உயரத்தில் நிற்பவருக்கு இன்னொரு சிக்கல். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் இருப்பது போன்ற கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்பவரைக் கீழிருந்து பாருங்கள். பின்னணி இலையல்ல, வானம். அடர்பச்சைச் சட்டை அங்கே கரிய உருவமாகத் துருத்தி நிற்கும். பொடிப் புள்ளிகளும் தூரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். வெளிர்சாம்பல் நிறத்தில் பெரிய, இடைவெளியுள்ள கிளை வடிவங்கள்தான் உடலின் விளிம்பைக் கலைக்கும்.

துணி எது? குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் அணியும் தடித்த கம்பளித்துணி இங்கே வெந்து போகவைக்கும். நைலான் சரசரக்கும். பருத்தி வியர்வையில் ஊறிக் கனக்கும். மெல்லிய பாலியெஸ்டர் பின்னல், முழுக்கை, சாம்பலோ பழுப்போ: முஸ்தஃபா சென்டரின் சாதாரண விளையாட்டு உடைப் பிரிவே போதும் என்பது என் கருத்து. ராணுவ வீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கில் சீருடை அணிவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தச் சட்டையும் கையசைவை மறைக்காது. பக்கவாட்டில் அமைந்த கண்களால் மான் தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைக் காணும். வாடையை அதைவிட நன்றாக அறியும். காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி வீசினால், இடத்தை மாற்றுங்கள், அதுவும் மெதுவாக.